இளைத்த குதிரைக்கு எந்தக் கொழுப்பு? மூட்டைக்குள்ள கூட வர்றது என்னன்னு பாருங்க

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

பண்ருட்டியில இருந்து பேசறேன். நம்ம நிகழ்ச்சியில வழக்கமா கறவை மாடு, வெள்ளாடு, நாட்டுக்கோழின்னுதான் பேசுவோம். கால்நடை மருத்துவரா என்கிட்ட வர்ற கேள்விகளும் அப்படித்தான். இந்த வாரம் ஒரு மாறுதலுக்கு குதிரை.

சிதம்பரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி குரல் பதிவு அனுப்பியிருந்தார். கல்யாண ஊர்வலத்துக்கு சாரட் வண்டி ஓட்டுறவர், ரெண்டு குதிரை வச்சிருக்கார். மார்கழியில முகூர்த்தம் கிடையாது, தை பிறந்தா ஓய்வே கிடையாது. அதுக்குள்ள விலா எலும்பு தெரியிற ஒரு குதிரையைத் தேத்தணும். அவருக்கு ஆளாளுக்கு யோசனை சொல்லியிருக்காங்க. ஒருத்தர் எண்ணெய் ஊத்துன்னு சொல்லியிருக்கார். இன்னொருத்தர் தவிடும் மல்லாட்டைப் புண்ணாக்கும் போடுன்னு சொல்லியிருக்கார். மூணாவது ஆள், "கோழி நாப்பது நாள்ல கொழுக்குதே, அந்த பிராய்லர் தீவனத்தையே போடு"ன்னு சொல்லியிருக்கார்.

மூணாவது யோசனைக்கு மட்டும் பதிலை இப்பவே சொல்லிடறேன். எபிசோடை முழுசா கேட்காம போறவங்களுக்கும் இது போய்ச் சேரணும். கோழித் தீவனம் குதிரையைக் கொல்லும். கொட்டில்ல இருந்தா இன்னைக்கே எடுத்து வெளியில வச்சிடுங்க. காரணத்தைப் பின்னாடி விளக்கறேன்.

மத்த ரெண்டு யோசனையும் தப்பில்ல. ஆனா எது நல்லதுன்னு முடிவு பண்ண, "எதுல கொழுப்பு அதிகம்"னு மட்டும் பார்த்தா போதாது. அந்தக் கொழுப்போட சேர்ந்து மூட்டைக்குள்ள வேற என்ன வருதுன்னு பார்க்கணும். இன்னைக்கு முழுக்க நான் சொல்லப்போறது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

முதல்ல, ஏன் இளைச்சிருக்கு?

தீவனத்தை மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கேட்டே ஆகணும். வேற காரணத்தால இளைச்ச குதிரைக்கு எண்ணெய் ஊத்தினா காசுதான் போகும், நாளும் போகும்.

பல்லைப் பாருங்க. குதிரையோட பல்லு வாழ்நாள் முழுக்க மேல வந்து தேயற பல்லு. தேய்மானம் சீரா இல்லைன்னா ஓரத்துல கத்தி மாதிரி கூர்முனை வந்து கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். வாயில புல்லை உருட்டி உருட்டிக் கீழ போடுதா, சாணியில முழு தானியம் வருதான்னு கவனிங்க. கூர்முனை இருந்தா ராவி விடணும். அடுத்தது குடற்புழு. சாணியைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துட்டு மருந்து கொடுங்க. மூணாவது ரத்தம். விட்டு விட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், நல்லா தின்னும் மெலிஞ்சுக்கிட்டே போறதுன்னா சர்ரா நோயா இருக்கலாம். ஈ கடியில பரவுற ஒட்டுண்ணி நோய் அது. ரத்தத்தைப் பரிசோதிச்சுப் பார்க்கணும்.

நாலாவது ரொம்ப சாதாரணம், ஆனா நான் அதிகமா பார்க்கிறது இதுதான்: வயிறு நிறைய புல்லு கிடைக்கலை. எடையில குறைஞ்சது நூத்துக்கு ஒன்றரை பங்கு, காய்ஞ்ச கணக்குல, நார்த்தீவனம் தினமும் உள்ள போகணும். அது போகாம மேல எதைச் சேர்த்தாலும் நிக்காது.

எடை எப்படித் தெரியும்? தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி அளங்க. அப்புறம் தோள் முனையில இருந்து பின்புற எலும்பு முனை வரைக்கும் நீளம் அளங்க. ரெண்டும் சென்டிமீட்டர்ல. நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11,880-ஆல வகுத்தா எடை கிலோவுல வரும். சுற்றளவு 158, நீளம் 145 இருந்தா சுமார் 305 கிலோ. நம்ம பக்கம் சாரட் இழுக்கிற குதிரைகள்ல பலதும் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். அதனால இன்னைக்குக் கணக்கெல்லாம் 300 கிலோ குதிரைக்கே சொல்றேன்.

கொழுப்பு எதுக்கு? அரிசி, சோளம் போதாதா?

குதிரைக்கு வயிறு சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா மேயறதுக்குன்னு அமைஞ்ச உடம்பு. மாவுச்சத்தை சிறுகுடல் ஓரளவுக்குத்தான் செரிக்கும். ஒரு வேளைக்கு, உடம்பு எடையில கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்துக்குள்ள நிறுத்திக்கிறது பாதுகாப்பு. 300 கிலோ குதிரைக்கு 300 கிராம். அரிசியில முக்கால் பங்குக்கு மேல மாவுச்சத்துதான், அதனால ஒரு வேளைக்கு 400 கிராம் அரிசி போட்டாலே எல்லை வந்துடும்.

எல்லை தாண்டினா மிச்ச மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகும். அங்க நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் குடியிருக்கு. மாவு வந்து விழுந்தா புளிப்பு அமிலம் உண்டாகி அதுங்க செத்துப்போகும். வயித்துல கோலிக் வலி வரும். இல்லன்னா குளம்புக்குள்ள அழற்சி வந்து, லேமினைட்டிஸ்னு சொல்ற நோய்ல குதிரை கால் ஊன்ற முடியாம நிக்கும். கல்யாண வீட்டுச் சோறு, பாயசம், நம்ம ஊர் சீசன்ல பலாச்சக்கைன்னு அன்பா அள்ளிப் போடறது எல்லாம் இதே வழியிலதான் கெடுதல் பண்ணும்.

கொழுப்பு இந்தச் சிக்கல்ல மாட்டாது. அது சிறுகுடல்லயே செரிச்சிடும். எடைக்கு எடை பார்த்தா தானியத்தைப் போல ரெண்டரை மடங்கு சக்தி. 100 மில்லி எண்ணெய் கிட்டத்தட்ட கால் கிலோ ஓட்ஸுக்குச் சமம். இன்னொண்ணும் இருக்கு. செரிமானத்துல உடம்புக்குள்ள உண்டாகிற சூடு கொழுப்புக்குத்தான் ரொம்பக் குறைவு. கடலூர் வெயில்ல வேலை பார்க்கிற குதிரைக்கு அது சின்ன லாபம் இல்லை.

"குதிரைக்குப் பித்தப்பையே கிடையாதே, கொழுப்பு எப்படிச் செரிக்கும்?"னு கேட்பாங்க. பித்தப்பை கிடையாதுங்கறது உண்மைதான். பித்தப்பைங்கறது பித்தநீரைச் சேர்த்து வைக்கிற பை. குதிரை நாள் முழுக்க மேயறதால சேர்த்து வைக்கத் தேவையில்லை. ஈரல்ல இருந்து பித்தநீர் விடாம சொட்டிக்கிட்டே இருக்கும். அதனால கொழுப்பைத் தாங்கும். ஆனா புல்லுல கொழுப்பு நூத்துக்கு ரெண்டு மூணு பங்குதான் இருக்கும். அதுக்குப் பழகின குடல், அதிகக் கொழுப்புக்கு ஏத்த மாதிரி தயாராக ரெண்டு மூணு வாரம் எடுத்துக்கும்.

பாண்டியர் காலத்துலயே கொடுத்திருக்காங்க

குதிரைக்குக் கொழுப்பு கொடுக்கிறது புதுப் பழக்கம்னு நினைச்சுக்காதீங்க. எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்நாட்டுல நடந்திருக்கு.

பதிமூணாம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய மன்னர்கள் அரபு, பாரசீகக் குதிரைகளைக் கப்பல்ல வரவழைச்சாங்க. தாமிரபரணி கடல்ல கலக்கிற இடத்துல இருந்த காயல் துறைமுகம் அதுக்குப் பேர் போனது. வஸ்ஸாஃப்னு ஒரு பாரசீக வரலாற்றாசிரியர் இதை எழுதி வச்சிருக்கார். பாரசீக வளைகுடாவில் இருக்கிற கீஷ் தீவு வியாபாரி மூலமா வருஷத்துக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார்னு அவர் கணக்குச் சொல்றார். அதே காலத்துல வந்த மார்க்கோ போலோவும், வாங்கின குதிரைகள்ல பெரும்பாலானது வருஷம் முடியறதுக்குள்ள செத்துப்போகுதுன்னு ஆச்சரியப்படறார்.

தீவனத்தைப் பத்தி ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. மார்க்கோ போலோ சொல்றது, சோத்தோட வேகவச்ச கறி. வஸ்ஸாஃப் சொல்றது, வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்துச் சமைச்ச தானியம், குடிக்கக் காய்ச்சின பசும்பால். குதிரை கொழுக்கணும்னு நாப்பது நாள் முளையில கட்டியே வச்சிருப்பாங்களாம். அப்புறம் எந்தப் பயிற்சியும் கொடுக்காம ஏறி ஓட்டுவாங்களாம். கொஞ்ச நாள்ல நல்ல குதிரையும் ஒண்ணுக்கும் ஆகாம போயிடுதுன்னு முடிக்கிறார்.

ரெண்டு பேருமே வெளியூர்க்காரங்க. கேள்விப்பட்டதையும் கலந்து எழுதியிருக்கலாம், அந்த எச்சரிக்கையோடதான் படிக்கணும். ஆனா ஒரு மருத்துவரா இதைப் படிச்சா, வெண்ணெய் மேல மட்டும் பழி போட எனக்குத் தோணலை. கப்பல்ல கடல் தாண்டி வந்த குதிரைக்குத் திடீர்னு புதுத் தீவனம். அதுவும் சமைச்ச தானியம், அதாவது மாவுச்சத்து. நாப்பது நாள் நடையே இல்லை. அப்புறம் ஒரே நாள்ல முழு வேலை. இதுல ஒவ்வொண்ணுமே குதிரையைப் படுக்க வைக்கும். கொழுப்பு நல்லதா கெட்டதாங்கறதை அது எதோட சேர்ந்து வருது, எவ்வளவு வேகத்துல வருதுங்கறதுதான் முடிவு பண்ணுது. இதை மனசுல வச்சுக்கிட்டு நம்ம ஊர்ல கிடைக்கிற ஒவ்வொண்ணையும் பார்ப்போம்.

எண்ணெய்: தனியா வர்றது

எண்ணெயோட பெரிய நல்ல குணம், அதுல கொழுப்பைத் தவிர வேற எதுவும் கிடையாது. மாவுச்சத்து இல்லை, பாஸ்பரஸ் இல்லை. அதனால கணக்குப் போடறது சுலபம்.

எந்த எண்ணெய்னா, குதிரை விரும்பித் தின்கிற எண்ணெய். மல்லாட்டை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், தவிட்டு எண்ணெய், சோயா எண்ணெய் எல்லாமே செரிக்கும். சக்திக் கணக்குல பெரிய வித்தியாசம் இல்லை. தேங்காய் எண்ணெய் சீக்கிரம் காறாது, அது வசதி. சோயாவுல ஒமேகா-3 கொழுப்பு கொஞ்சம் இருக்கு. சூரியகாந்தி, மல்லாட்டை, எள் எண்ணெய்கள்ல அது இல்லைன்னே சொல்லலாம்.

வேண்டாத எண்ணெயையும் சொல்லிடறேன். பஜ்ஜி சுட்ட எண்ணெய் மலிவா கிடைக்கும், வாங்காதீங்க. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் உடம்புல இருக்கிற வைட்டமின் ஈ-யைத் தின்னுடும். விளக்கெண்ணெய் பேதி. வேப்பெண்ணெய் தீவனமே இல்லை. டாக்டர் கோலிக்குக்கு கொடுக்கிற லிக்விட் பாரபின் செரிக்கவே செரிக்காது; அது மருந்து, அதுல சக்தி கிடையாது.

எண்ணெய்ல போதுமான அளவுக்கு இல்லாத ஒண்ணு வைட்டமின் ஈ. கொழுப்பு கூடினா உடம்புக்கு அதோட தேவையும் கூடும். 100 மில்லி எண்ணெய்க்கு 100 முதல் 150 யூனிட் வைட்டமின் ஈ சேர்க்கிறது வழக்கம்.

எள்ளும் கொள்ளும்

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு"ன்னு நம்ம பெரியவங்க சொன்னது மனுஷனுக்கு. ஆனா தீவனக் கணக்குல பார்த்தாலும் அது சரியா உட்காருது. எள்ளுல கிட்டத்தட்ட பாதி எண்ணெய். கொள்ளுல கொழுப்பு நூத்துக்கு ரெண்டு பங்குக்கும் கீழ. இருக்கிறதெல்லாம் புரதமும் மாவும்தான்.

குதிரைன்னாலே கொள்ளுன்னு நினைக்கிறோம். கொள்ளு நல்ல புரதம், கெட்டதுன்னு சொல்லலை. வேகவச்சுக் கொடுத்தா செரிமானத்தைத் தடுக்கிற பொருளும் போயிடும். ஆனா இளைச்ச குதிரைக்குக் கொள்ளை மட்டும் ஏத்திக்கிட்டே போனா, சதைக்கு வேண்டிய புரதம் கிடைச்சிடும், சக்தி பத்தாது. அரைக் கிலோ வேகவச்ச கொள்ளு மேல கொஞ்சம் நல்லெண்ணெய் ஊத்தினா, பழமொழியோட ரெண்டு பாதியும் ஒரே தொட்டியில வந்துடும்.

தவிடு: பாஸ்பரஸோட வர்றது

நெல்லு அரைக்கிற ஊர்ல தவிட்டுக்குப் பஞ்சமில்லை. புது மில்லுல வர்ற உமி கலக்காத தவிட்டுல நூத்துக்கு 15 பங்குக்கு மேலேயே கொழுப்பு இருக்கும். பழைய ஹல்லர் மில்லுத் தவிட்டுல பாதி உமிதான். எண்ணெய் எடுத்த தவிடுன்னு ஒண்ணு விக்குது, அதுல கொழுப்பு 1 பங்குதான் மிச்சம். மூணுக்கும் பேர் தவிடுதான், அதனால என்ன தவிடுன்னு கேட்டு வாங்குங்க.

முதல் சிக்கல், தவிடு காறிப்போறது. நெல்லு அரைபட்ட உடனே தவிட்டுக்குள்ள இருக்கிற நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பிச்சிடும். ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள தீர்த்துடணும். மாசத்துக்கு ஒரு மூட்டை வாங்கி வைக்கிற பொருள் அது இல்லை. சூடு காட்டிப் பதப்படுத்தி குச்சித் தீவனமா வர்ற தவிடு நாள் தாங்கும்.

ரெண்டாவது சிக்கல் பெருசு. 1 கிலோ தவிட்டுல பாஸ்பரஸ் 15, 16 கிராம் இருக்கும். கால்சியம் 1 கிராம்கூட வராது. குதிரைக்குக் கால்சியம் எப்பவும் பாஸ்பரஸை விட அதிகமா இருக்கணும். தலைகீழா போனா, உடம்பு எலும்புல இருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். மாசக்கணக்குல தாடையும் முக எலும்பும் மெத்துனு வீங்கும், காரணம் தெரியாம கால் மாத்தி மாத்தி நொண்டும். ஐரோப்பாவுல மாவு மில்லுக்காரங்க குதிரைக்கு இது வந்ததால "மில்லுக்காரர் நோய்"னே ஒரு காலத்துல பேர்.

நம்ம ஊர்ல இதுக்கு இன்னொரு கை கொடுக்குது கோ-4 நேப்பியர் புல்லு. அதுல ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப் போட்டுடும். மாட்டோட முதல் இரைப்பையில இருக்கிற நுண்ணுயிர் ஆக்சலேட்டை உடைச்சிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. கோ-4 புல்லும் தவிடும் மட்டுமே தின்கிற குதிரைக்கு ரெண்டு பக்கமும் அடி. முடிஞ்ச அளவு அருகம்புல் சேருங்க, குதிரைக்கு அருமையான புல்லு அது.

தவிடுதான் போடறோம்னா கிலோவுக்கு 40, 50 கிராம் கால்சியம் கார்பனேட் சேர்க்கணும். தீவனத் தரத்துல கிடைக்கும். வெத்தலைச் சுண்ணாம்பு வேண்டாம், வாயையும் வயித்தையும் பொத்துடும். மாட்டுக்குப் போடற டி.சி.பி. பவுடரும் இதுக்கு உதவாது, அதுலயே பாஸ்பரஸ் இருக்கு. நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல தவிடு போகாம பார்த்துக்கிட்டா நல்லது.

மல்லாட்டைப் புண்ணாக்கு: பூஞ்சையோட வரக்கூடியது

நம்ம பண்ருட்டி மல்லாட்டை ஊரு. சீசன்ல கமிட்டியில மூட்டை அடுக்கிக் கிடக்கும், செக்குக்காரர்கிட்ட புதுப் புண்ணாக்கு கிடைக்கும். செக்குப் புண்ணாக்குல எண்ணெய் நூத்துக்கு 7, 8 பங்கு தங்கும். கரைப்பான் வச்சு எண்ணெய் எடுத்த புண்ணாக்குல 1 பங்குதான். கொழுப்புக்காக வாங்கறவங்க செக்குப் புண்ணாக்குதான் வாங்கணும். ஆனா அதுலயும் பெரும் பங்கு புரதம், 40 பங்குக்கு மேல. அதனால இதைக் கொழுப்புத் தீவனம்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் கொழுப்பு இருக்கிற புரதத் தீவனம்னு சொல்லலாம். நாளைக்கு கால் கிலோ போதும்.

கூட வர்ற ஆபத்து அஃப்ளாடாக்சின். மல்லாட்டை சரியா காயாம மழையில நனைஞ்சா பிடிக்கிற பூஞ்சை விடற நஞ்சு. இந்த நஞ்சை உலகம் தெரிஞ்சுக்கிட்டதே மல்லாட்டைப் புண்ணாக்காலதான். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி செத்துப்போச்சு. பிரேசில்ல இருந்து வந்த புண்ணாக்குன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. குதிரைக்கும் இது ஈரலை அழிக்கும். கண்ணுக்குப் பூஞ்சை தெரியலைன்னாலும் நஞ்சு இருக்கலாம், வேகவச்சாலும் போகாது. சந்தேகமா இருந்தா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கு, மாதிரி அனுப்பிப் பார்க்கலாம்.

தேங்காய்ப் புண்ணாக்கு இன்னும் பொருத்தம். எண்ணெய் ஏறக்குறைய அதே அளவு, மாவுச்சத்து ரொம்பக் குறைவு, நார் நல்லது. ஊறவச்சுக் கொடுங்க. இதுலயும் பூஞ்சை வாடை வந்தா வேண்டாம்.

உரக்கடையில விக்கிற ஆமணக்குப் புண்ணாக்கு பக்கமே போகக் கூடாது. ஆமணக்குக் கொட்டையில இருக்கிற ரிசின் நஞ்சுக்கு விலங்குகள்லயே குதிரைதான் சீக்கிரம் பலியாகும். ரெண்டு புண்ணாக்கையும் ஒரே சாக்குல, ஒரே தராசுல கையாளுற கடைன்னா கடையை மாத்துங்க.

முந்திரியைப் பத்தியும் நம்ம ஊர்ல கேட்பாங்க. பருப்புல பாதிக்குக் கொஞ்சம் குறைவா எண்ணெய்தான், செரிக்கவும் செரிக்கும். ஆனா ஆலையில இருந்து கழிவா வர்றதுல தோட்டுத் துண்டு கலந்திருந்தா தோட்டு எண்ணெய் வாயை வெந்து போக வைக்கும். முந்திரி உடைக்கிறவங்க கையைப் பார்த்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆளி விதையில 40 பங்கு எண்ணெய், அதுல பாதிக்கு மேல ஒமேகா-3. முடி பளபளன்னு வரும். நாளைக்கு 100 கிராம், அன்னன்னைக்குப் பொடிச்சுப் போடுங்க. விலைதான் கொஞ்சம் கூட.

கோழித் தீவனம், மாட்டுத் தீவனம்: மருந்தோட வர்றது

இப்ப ஆரம்பத்துல சொன்னதுக்கு வர்றேன். பிராய்லர் கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராம இருக்க, தீவனத்துலயே மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து கலப்பாங்க. கோழிக்கு அது பாதுகாப்பு. குதிரைக்கு இதயத் தசையை அழிக்கிற நஞ்சு. மொனென்சினைக் கோழி தாங்குற அளவுல நூத்துல ஒரு பங்குகூட குதிரை தாங்காது.

சாலினோமைசின் இன்னும் மோசம். குதிரை எடையில கிலோவுக்கு சுமார் 0.6 மில்லிகிராம் போனா உயிர் போகலாம். 300 கிலோ குதிரைக்கு 180 மில்லிகிராம். கோழித் தீவனத்துல கிலோவுக்கு 60 மில்லிகிராம் கலந்திருந்தா, 3 கிலோ தீவனத்துல அந்த அளவு வந்துடுது. முறிவு மருந்து கிடையாது. கொஞ்சமா தின்னு பிழைச்ச குதிரையும், பின்னாடி ஒருநாள் வண்டி இழுக்கும்போது இதயம் நின்னு விழலாம். ஊர்வலத்துல, ஜனங்களுக்கு நடுவுல. அதைச் சவாரியில உட்கார்ந்திருக்கிறவங்க உயிரோடயும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

மாட்டுத் தீவனத்துலயும் மொனென்சின் சேர்க்கிறது உண்டு. மூட்டையில தெளிவா எழுதியில்லைன்னா குதிரைக்குப் போடாதீங்க. அதுவும் போக, மாட்டுத் தீவனத்துல கொழுப்பு 3 பங்கு பக்கம்தான், நமக்கு அதுல லாபமே இல்லை. "பைபாஸ் கொழுப்பு"ன்னு மாட்டுக்கு விக்கிறாங்களே, அது முதல் இரைப்பையைத் தாண்டிப் போறதுக்குன்னு செஞ்சது. குதிரைக்கு அந்த இரைப்பையே கிடையாது. தாண்டறதுக்கு ஒண்ணும் இல்லாத இடத்துல தாண்டறதுக்குக் காசு கொடுக்கிறோம்.

எப்படி ஆரம்பிக்கிறது?

என் பரிந்துரை, அந்தத் தம்பியோட குதிரைக்கு: எண்ணெய். கூடவே ஊறவச்ச தேங்காய்ப் புண்ணாக்கு கொஞ்சம்.

முதல் நாலு நாள் காலையில 15 மில்லி, சாயங்காலம் 15 மில்லி. அதாவது வேளைக்கு ஒரு பெரிய கரண்டி. நறுக்கின புல்லு, ஊறின புண்ணாக்கோட பிசறிக் கொடுங்க. நாலு நாளைக்கு ஒருமுறை வேளைக்கு 15 மில்லி ஏத்துங்க. மூணு வாரத்துல வேளைக்கு 75, நாளைக்கு 150 மில்லி வந்துடும். குதிரை எடையில கிலோவுக்கு 1 மில்லி வரைக்கும் தாங்கும், அதாவது 300 மில்லி. ஆனா நம்ம தேவைக்கு 150 போதும். சாணி எண்ணெய் மினுக்கா, இளகி வந்தா ஒரு படி இறங்கி நாலு நாள் நில்லுங்க.

இந்த 300 கிலோ குதிரை சும்மா நிக்கிறதுக்கே நாளைக்கு சுமார் 10 மெகா கலோரி வேணும். 150 மில்லி எண்ணெய் 1.2 மெகா கலோரி தரும். மிச்சத்தைப் புல்லுதான் தரணும். நாலரைல இருந்து ஆறு கிலோ காய்ஞ்ச கணக்குல புல்லு, அதை மறக்காதீங்க. வைக்கோலை மட்டும் போட்டா அது ஈடு கட்டாது.

மூங்கில் குழாய்லயோ பாட்டில்லயோ எண்ணெயை வாயில ஊத்தவே கூடாது. மாட்டுக்குச் செய்யறோம்னு குதிரைக்கும் செய்யறாங்க. நுரையீரலுக்குள்ள எண்ணெய் போனா நிமோனியா வந்து குதிரை தப்பிக்கிறது கஷ்டம். தானா தின்கணும், தின்கலைன்னா அளவைக் குறைச்சுப் பழக்கணும்.

பலன் தெரிய ஆறுல இருந்து எட்டு வாரம் ஆகும். தை முகூர்த்தத்துக்குன்னா கார்த்திகை பாதியிலேயே ஆரம்பிச்சிடணும். அந்த வாரங்கள்ல தினமும் நடத்தணும், கட்டியே வைக்கக் கூடாது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாம, கையால தடவினா தட்டுப்படற நிலை வந்ததும் எண்ணெயைப் பாதியாக்குங்க.

வந்த சில கேள்விகள்

*நெய் கொடுக்கலாமா?* செரிக்கும். ஆனா அந்தக் காசுக்கு மூணு மடங்கு எண்ணெய் வாங்கலாம், பலன் ஒண்ணுதான்.

*தினமும் முட்டை போடறோமே?* ஒரு முட்டையில கொழுப்பு 5 கிராம். பத்து முட்டை போட்டாத்தான் 50 மில்லி எண்ணெயைக் கொஞ்சம் தாண்டும். வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கொடுங்க.

*மட்டக் குதிரை ஏற்கெனவே குண்டா இருக்கு, முடி பளபளப்புக்கு எண்ணெய் கொடுக்கலாமா?* வேண்டாம். கழுத்துல கொழுப்பு மேடு தட்டியிருந்தா லேமினைட்டிஸ் வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம். அதுக்காகத் திடீர்னு பட்டினியும் போடாதீங்க. குண்டான மட்டக் குதிரை பட்டினி கிடந்தா ரத்தத்துல கொழுப்பு ஏறி ஈரல் செயலிழக்கும். தானியத்தை நிறுத்தி, நடையைக் கூட்டுங்க.

*மூட்டையில எதைப் படிக்கிறது?* கச்சாக் கொழுப்பு எத்தனை சதவீதம், கால்சியம், பாஸ்பரஸ் எவ்வளவு, தயாரிச்ச தேதி, மருந்து எதாவது சேர்த்திருக்கா, எந்தக் கால்நடைக்குன்னு போட்டிருக்கு. இந்த அஞ்சுல ஒண்ணு இல்லைன்னாலும் கடைக்காரர்கிட்ட கேளுங்க. பதில் வரலைன்னா மூட்டையைத் திருப்பிக் கொடுத்துட்டு, பக்கத்து மளிகைக் கடையில ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கிட்டுப் போங்க. குதிரைக்கு அது போதும்.

அடுத்த வாரம் மறுபடி மாட்டுக் கொட்டகைக்கே வர்றோம்: மழைக்காலத்துல மடிவீக்கம். கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க.